இரவலாகக் கிடைத்த வாழ்வு

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமம் கொண்டு ஆரம்பம் செய்கின்றேன். புகழனைத்தும் அவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

வாழ்வு என்றால் என்ன? இவ்வினாவுக்கு நேரடியாக விடை பகர்ந்தோர் மிகச் சிலரே. கவிஞர்களிடம் இதனைக் கேட்டால் அவர்கள் பிறிதொரு பொருளைச் சுட்டிக்காட்டுவார்கள். ஒருவர் ஆற்றைக் காட்டுவார். இன்னொருவர் விளைநிலத்தைக் காட்டுவார். வேறொருவர் கடைத்தெருவைக் காட்டுவார். கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைக் கண்ணுக்குப் புலப்படும் ஒன்றாகவே கண்டு பேசும் இம்முறையைத் தமிழிலே உருவகம் என்கிறோம். அரபு அணியிலக்கணமாகிய பலாகாவில் இதற்கு ‘இஸ்திஆரா’ என்று பெயர். இந்த உருவகங்கள் மனித வாழ்வைப் பற்றி எமக்கு என்ன கற்பிக்கின்றன என்பதையே இன்றைய உரையில் சிந்திக்க விரும்புகின்றேன்.

கவிதை எமக்கு எதற்கு என எவரேனும் எண்ணலாம். அல்குர்ஆன் ‘அஷ்ஷுஅரா’ (கவிஞர்கள்) என்ற பெயரிலேயே ஓர் அத்தியாயத்தைக் கொண்டுள்ளது. அதன் இறுதி வசனங்கள் வழிதவறிய கவிஞர்களைக் கண்டிக்கின்றன; ஈமான் கொண்டு நற்செயல் புரியும் கவிஞர்களுக்கு விதிவிலக்கும் அளிக்கின்றன. நபிகளார் (ஸல்) அவர்கள் ஹஸ்ஸான் பின் ஸாபித் (ரழி) அவர்களின் கவிதையைச் செவிமடுத்தார்கள், அவருக்காகப் பிரார்த்தித்தார்கள். எனவே கவிதையிலே உண்மையைத் தேடுவது எமது மார்க்கத்துக்குப் புதியதன்று.

உருவகம் என்பது கவிஞர்களுக்கு மாத்திரம் சொந்தமானதுமன்று. எமது அன்றாடப் பேச்சைச் சற்று உற்றுக் கேளுங்கள். “நேரத்தைச் செலவழித்தேன்” என்கிறோம். நேரம் எமது கையிலுள்ள பணமாகிவிடுகிறது. “வாழ்க்கையில் முன்னேறிவிட்டான்” என்கிறோம். வாழ்க்கை ஒரு பாதையாகிவிடுகிறது. “மூன்று குமர்களையும் கரைசேர்த்துவிட்டேன்” என்று ஒரு தந்தை பெருமூச்சு விடுகிறார். பெண் பிள்ளைகள் நடுக்கடலில் தத்தளிக்கும் தோணிகளாகிவிடுகின்றனர். இவ்வாறு பேசும்போது நாம் கவிதை பாடுவதாக நினைப்பதில்லை. ஆயினும் அந்த உருவகத்துக்குள் இருந்தே சிந்திக்கிறோம், முடிவெடுக்கிறோம், கவலைப்படுகிறோம்.

இவ்வுண்மையை 1980ஆம் ஆண்டு ஜோர்ஜ் லேகொஃப், மார்க் ஜோன்சன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் ஒரு நூலாகவே எழுதினர். உருவகம் சொல்லுக்கு இடும் அலங்காரம் மாத்திரமன்று, அது சிந்தனையின் அடித்தளம் என்பதே அவர்களின் வாதம். 1989இல் லேகொஃப் அவர்கள் மார்க் டர்னர் என்பவருடன் இணைந்து எழுதிய நூல் கவிதையை ஆராய்ந்தது. சாதாரண மக்கள் எந்த உருவகங்களால் சிந்திக்கின்றார்களோ அவற்றையே பெருங்கவிஞர்களும் எடுத்து, விரித்து, ஆழப்படுத்துகின்றனர் என அந்நூல் விளக்கிற்று.

அவர்களுக்குச் சுமார் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னரே எமது இமாம்களில் ஒருவரான அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி (ரஹ்) அவர்கள், தமது ‘அஸ்ராருல் பலாகா’ எனும் நூலில் இஸ்திஆரா பற்றி விரிவாக ஆராய்ந்தார்கள். அறிவினுள் மறைந்து கிடக்கும் நுண்ணிய கருத்துக்களுக்கு உருக்கொடுத்துக் கண்முன் நிறுத்தும் ஆற்றல் அதற்கு உண்டு என்பது அவர்களின் கருத்தாகும். அன்னார் ஹிஜ்ரி 471இல் வஃபாத்தானார்கள்.

அன்பின் நேயர்களே! ஒரு மனிதன் வாழ்வை எதுவாகக் காண்கின்றானோ அதற்கேற்பவே அவனது நடத்தையும் அமையும். இதற்கு ஜாஹிலிய்யாக் கால அரபுக் கவிஞர்களே தக்க சான்றாவர். எமது அரபுக் கல்லூரிகளில் ‘முஅல்லகாத்’ எனும் நெடுங்கவிதைகளைப் படித்தோர் இவர்களை நன்கறிவர்.

ஸுஹைர் பின் அபீ ஸுல்மா எண்பது ஆண்டுகளின் களைப்பைப் பாடிய முதுபெருங் கவிஞர். அவர் மரணத்தை இரவிலே பார்வை மங்கிய ஒட்டகமாகக் கண்டார். அது கண்மண் தெரியாமல் காலை வீசுகிறது. அதன் மிதி பட்டவன் மடிகிறான். தப்பியவன் முதுமை எய்துகிறான். பாலைவனத்தில் வாழ்ந்த ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான உருவகம் கிடைத்திருக்க முடியாது. ஆனால் இதன் முடிவு யாது? மரணத்துக்குக் கண் இல்லை, கணக்கு இல்லை, தவணை இல்லை என்பதாகும். அதே கவிதையில் அல்லாஹ் உள்ளத்தில் மறைத்ததையும் அறிவான், கணக்குக் கேட்கும் நாளொன்றும் உண்டு என்ற கருத்தைப் பாடிய அவரே, மரணத்தின் முன்னால் குருட்டு ஒட்டகத்தைத்தான் கண்டார். அவருடைய புதல்வர்களான புஜைரும் கஃபும் பிற்காலத்தில் இஸ்லாத்தைத் தழுவும் பேறு பெற்றனர்.

இளவயதிலேயே கொல்லப்பட்ட தரஃபா எனும் கவிஞன் வேறொன்றைக் கண்டான். மேய்ச்சலுக்கு விடப்பட்ட பிராணியின் கயிறு தளர்வாக இருக்கிறது. ஆயினும் கயிற்றின் நுனி உரியவனின் கையில் இருக்கிறது. எவ்வளவு தூரம் மேய்ந்தாலும் ஒருநாள் இழுக்கப்படும். மரணம் அவ்வாறானதே என்றான் அவன். ஆயுளை ஒவ்வோர் இரவும் குறைந்து செல்லும் புதையலாகவும் அவன் கண்டான். எவ்வளவு கூர்மையான பார்வை! ஆனால் அதிலிருந்து அவன் அடைந்த முடிவு என்ன? குறைந்து போகும் புதையலை மதுவிலும் காதலிலும் வீரத்திலும் செலவிட்டுத் தீர்த்துவிட வேண்டும் என்பதே.

தமிழ்ப் புலவர்களும் இவ்வாறே சிந்தித்துள்ளனர். புறநானூற்றின் 192ஆம் பாடலைப் பாடிய கணியன் பூங்குன்றனார், மழையினால் பெருகிக் கல்லில் மோதி ஓடும் பேராற்றிலே அதன் போக்கில் செல்லும் புணையாக உயிரைக் கண்டார். அவ்வாறு கண்டமையினால்தான் பெரியோரை வியக்கவோ சிறியோரை இகழவோ அவருக்கு மனம் வரவில்லை. ஒரே ஆற்றில் மிதக்கும் புணைகளுக்கிடையே பெருமை என்ன, சிறுமை என்ன? திருவள்ளுவரோ ‘நிலையாமை’ எனும் அதிகாரத்தில், நாள் என்று நாம் எண்ணுவது உண்மையில் உயிரை அறுக்கும் வாள் எனக் காட்டினார்.

ஆக, உருவகம் மாறும்போது நடத்தையும் மாறுகிறது. குருட்டு ஒட்டகம் என்று காண்பவன் அஞ்சுகிறான். புணை என்று காண்பவன் பணிவடைகிறான். குறையும் புதையல் என்று கண்ட தரஃபா அவசரப்பட்டான்.

அல்குர்ஆனும் நபிமொழிகளும் வாழ்வைப் பல உருவகங்களினூடாக எமக்கு உணர்த்துகின்றன. ‘அல்கஹ்ஃப்’ அத்தியாயத்தின் 45ஆவது வசனம் உலக வாழ்வை மழைநீரால் செழித்து, பின்னர் காய்ந்து, காற்றில் பறந்துபோகும் பயிருக்கு ஒப்பிடுகின்றது. வெள்ளாமைக் காலத்தில் பசுமையாய் அலையடித்த வயல், அறுவடைக்குப் பின்னர் ஒட்டுத்தாள் மாத்திரம் எஞ்சிக் கிடப்பதைக் கண்ட எமது கிழக்கிலங்கை விவசாயிக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. இப்னு உமர் (ரழி) அவர்களின் தோளைப் பிடித்து, உலகில் ஓர் அந்நியனைப் போல அல்லது வழிப்போக்கனைப் போல இருக்குமாறு நபிகளார் (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள். ‘அஸ்ஸஃப்’ அத்தியாயம் நோவினை தரும் வேதனையிலிருந்து காப்பாற்றும் ஒரு வியாபாரத்தை அறிவிக்கின்றது.

வியாபாரம் என்னும் இந்த உருவகத்தை இமாம் ஃபக்ருத்தீன் அர்ராஸி (ரஹ்) அவர்கள் எடுத்துக்காட்டும் ஒரு செய்தி அழகாக விளக்குகின்றது. முன்னோர்களில் ஒருவர் ‘அல்அஸ்ர்’ அத்தியாயத்தின் கருத்தைச் சந்தையில் பனிக்கட்டி விற்ற ஒருவனிடமிருந்து கற்றுக்கொண்டாராம். முதலே கரைந்துகொண்டிருக்கும் தன் மீது இரக்கம் காட்டுமாறு அவன் கூவி விற்றானாம். ஐஸ் பெட்டிகளுடன் மீன் வியாபாரம் செய்யும் சகோதரர்கள் இதனை நன்கு அறிவார்கள். அரிசி விற்பவன் இன்று விற்காததை நாளை விற்கலாம். ஐஸ் விற்பவனுக்கு அந்த வசதி இல்லை. அவன் விற்றாலும் விற்காவிட்டாலும் முதல் கரைகிறது.

கவனியுங்கள்! தரஃபாவின் குறையும் புதையலும் இந்த வியாபாரியின் கரையும் பனிக்கட்டியும் ஏறத்தாழ ஒரே உருவகமே. ஆயினும் தரஃபா கரைவதற்கு முன் அனுபவித்துத் தீர்க்க எண்ணினான். இந்த வியாபாரியோ கரைவதற்கு முன் பெறுமதியாக மாற்றிக்கொள்ளத் துடித்தான். இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? புதையலைக் கண்டெடுத்தவனுக்குப் பொறுப்பு எதுவும் இருப்பதாகத் தரஃபா கருதவில்லை. அது தன்னுடையது என்று நினைத்தான். எனவே, “வாழ்வு எதைப் போன்றது?” என்ற வினாவோடு “அது யாருக்குரியது?” என்ற வினாவும் எழுந்தாக வேண்டும்.

இவ்விரண்டாவது வினாவைக் கேட்டவர் முஅல்லகாத் கவிஞர்களுள் ஒருவரான லபீத் பின் ரபீஆ (ரழி) அவர்களாவார்கள். பிற்காலத்தில் இஸ்லாத்தைத் தழுவிய இவர்களது நிலையாமை பற்றிய கவிவரி ஒன்றையே, கவிஞர்கள் கூறியவற்றுள் மிக உண்மையானது என நபிகளார் (ஸல்) அவர்கள் பாராட்டியதாக ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. லபீதின் தாய்வழிச் சகோதரர் அர்பத் என்பவர் மின்னல் தாக்கி இறந்ததாக வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அவருக்காகப் பாடிய இரங்கற்பாவிலே, ஒரு கணம் ஒளிர்ந்து பின் சாம்பலாகும் எரிசுடராக மனிதனைக் கண்டார் லபீத். அத்துடன் நிற்காமல், செல்வமும் சுற்றத்தாரும் எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருட்களே, ஒப்படைக்கப்பட்டவை என்றேனும் ஒருநாள் திருப்பிக் கொடுக்கப்பட்டேயாக வேண்டும் என்ற கருத்தையும் பாடினார். சகோதரனைப் பறிகொடுத்தவர், ‘பறிகொடுத்தேன்’ என்ற சொல்லையே மாற்றிவிட்டார். பறித்தவன் இல்லை, உரியவன் இருக்கின்றான்.

இந்த உருவகம் ஏட்டிலிருந்து இறங்கி ஒரு வீட்டுக்குள் வந்த சம்பவத்தை ஸஹீஹ் முஸ்லிம் எமக்கு அறிவிக்கின்றது. அபூதல்ஹா (ரழி), உம்மு ஸுலைம் (ரழி) தம்பதியரின் மைந்தர் மரணமடைந்தார். அச்செய்தியைத் தாமே கூறும்வரை வேறு எவரும் கணவரிடம் கூறக்கூடாது என உம்மு ஸுலைம் (ரழி) அவர்கள் வீட்டாரிடம் சொல்லி வைத்தார்கள். கணவர் வந்தார், இரவுணவு அருந்தினார், அமைதியடைந்தார். அதன் பின்னரே அவர்கள் கணவரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு குடும்பத்தாருக்கு ஒரு கூட்டத்தார் ஒரு பொருளை இரவலாகக் கொடுத்து, பின்னர் அதனைத் திருப்பிக் கேட்டால், தர மறுக்க அக்குடும்பத்தாருக்கு உரிமை உண்டா? இல்லை என்றார் அபூதல்ஹா (ரழி). அவ்வாறாயின் உமது மகன் விடயத்தில் அல்லாஹ்விடம் நன்மையை எதிர்பாரும் எனக் கூறினார்கள் அந்தத் தாய்.

சகோதர சகோதரிகளே! இங்கே இரண்டு நுட்பங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, உம்மு ஸுலைம் (ரழி) அவர்கள் கையாண்ட சொல் ‘ஆரியா’ என்பதாகும். இரவல் பொருள் என்பது அதன் கருத்து. உருவகத்துக்கு அரபு அறிஞர்கள் சூட்டிய ‘இஸ்திஆரா’ எனும் பெயரும் அதே மூலத்திலிருந்து பிறந்ததே. இரவல் கேட்டல் என்பதே அதன் நேர்ப்பொருள். ஒரு பொருளுக்குரிய பெயரை இன்னொரு பொருளுக்கு இரவல் வாங்குவதால் அதற்கு அப்பெயர் வந்தது. சொல்லையும் இரவல் வாங்குகிறோம். அச்சொல்லால் நாம் பேசும் வாழ்வும் இரவலே.

இரண்டாவது, லபீத் பயன்படுத்திய ‘வதீஆ’ எனும் அடைக்கலப் பொருளுக்கும் ‘ஆரியா’ எனும் இரவல் பொருளுக்கும் ஃபிக்ஹ் சட்டத்தில் வேறுபாடு உண்டு. அடைக்கலமாக வைத்த பொருளை நாம் பாதுகாக்கலாம், பயன்படுத்தலாகாது. இரவல் வாங்கிய பொருளையோ பயன்படுத்தலாம். அதனால் பயன்பெறவே அது தரப்பட்டது. ஆனால் பொறுப்பு கூடுதலாகும். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, அனுமதிக்கப்பட்ட பாவனையால் தேய்ந்தாலன்றி, இரவல் பொருள் அழிந்தால் வாங்கியவரே அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். கல்யாண வீட்டுக்காக அயலவரிடம் நகை இரவல் வாங்கிய பெண்ணை எண்ணிப் பாருங்கள். அணிந்து மகிழ்கிறாள். அதேவேளை கை அடிக்கடி கழுத்தைத் தடவிப் பார்க்கிறது. இரவல் என்ற உணர்வு மகிழ்ச்சியைத் தடுக்கவில்லை, கவனத்தைக் கூட்டியிருக்கிறது.

அந்தத் தாய் தன் பிள்ளையைக் கொஞ்சி மகிழ்ந்தவர், பாலூட்டி வளர்த்தவர். ஆகவே அவர்களது வாயில் ‘இரவல்’ என்ற சொல் வந்தது எத்துணைப் பொருத்தம்! உலகை வெறுத்து ஒதுங்க வேண்டும் என்பதும், உலகம் எனக்கே உரியது என்பதும் இரு எல்லைகள். இரவல் என்ற உருவகம் இவ்விரண்டுக்கும் இடையே நேரான பாதையைக் காட்டுகின்றது.

ஆனால் ஓர் எச்சரிக்கை அவசியம். அச்செய்தியைக் கேட்டவுடன் அபூதல்ஹா (ரழி) அவர்கள் அமைதியாக ஏற்றுக்கொண்டார்கள் என்று ஹதீஸ் கூறவில்லை. அவர்கள் கோபமுற்றார்கள், தம்மிடம் முன்னரே கூறவில்லையே எனக் குறைபட்டார்கள், நபிகளாரிடம் சென்று முறையிட்டார்கள். நபிகளார் (ஸல்) அவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அத்தம்பதியருக்குப் பரகத் வேண்டிப் பிரார்த்தித்தார்கள். பின்னர் அவர்களுக்கு அப்துல்லாஹ் எனும் மைந்தர் பிறந்தார். நபிகளாரின் அருமைப் புதல்வர் இப்ராஹீம் மரணப் படுக்கையிலிருந்தபோது அன்னாரின் கண்களும் கண்ணீர் சொரிந்தன. இரவலைத் திருப்பிக் கொடுப்பவர் அழலாம். அழுதுகொண்டே கொடுப்பதும் கொடுப்பதே.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எமது நாட்டில் 30,000இற்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, ஹம்பாந்தோட்டை என எமது கரையோர ஊர்கள் பலவும் ஜனாஸாக்களால் நிறைந்தன. ‘காவுகொண்டது’ என்று நான் இப்போது கூறியதும் ஓர் உருவகமே. கடல் பலி கேட்கும் ஒரு கொடிய சக்தி என்ற பழைய எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. “கடல் பிள்ளையைப் பறித்துவிட்டது” என்று சொல்லும் தாய்க்குக் கடல் என்றும் எதிரிதான். அவள் பார்க்கும் ஒவ்வோர் அலையும் கள்வனின் கைதான். “அல்லாஹ்வின் அமானிதம் அவனிடமே திரும்பிற்று” என்று சொல்ல முடிந்த தாய்க்கும் வேதனை ஒன்றே. ஆயினும் அவளது பிள்ளை களவு போகவில்லை. உரியவனிடம் பத்திரமாக இருக்கிறது. துன்பம் நேரும்போது நாம் மொழியும் ‘இஸ்திர்ஜாஃ’ வாசகம் கற்பிப்பதும் இதுவே. நாம் அவனுடைய உடைமை, அவனிடமே மீளவிருப்போர் என்பதே அதன் சாரம்.

ஆகவே, தஃஸியத்துக்குச் செல்வோர் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். இரவல் என்ற அந்த வார்த்தையை உம்மு ஸுலைம் (ரழி) அவர்கள் கூறியபோது, இழந்தவரும் அவர்களே. தம் நெஞ்சில் சுமந்ததைத் தம் கணவருடன் பகிர்ந்தார்கள். நாமோ எமது வீட்டில் பிள்ளைகள் நலமாயிருக்க, மையித்து வீட்டு வாசலில் நின்றுகொண்டு, “அமானிதம்தானே, ஏன் அழுகிறீர்?” என்று கேட்பது ஆறுதலாகாது. அழகிய உருவகமும் தகாத வாயில், தகாத வேளையில் கல்லாகிவிடும். முதலில் அருகில் அமருங்கள்; உணவு கொண்டு செல்லுங்கள்; அழ விடுங்கள். அவர்களே அச்சொல்லை எடுக்கும்போது ஆமீன் சொல்லுங்கள்.

அன்பர்களே! இரவல் என்ற உணர்வு மரண வீட்டுக்கு மாத்திரம் உரியதன்று. உயிருடன் இருப்போரை நடத்தும் முறைக்கே அது அதிகம் உரியது. நான் முன்னர் குறிப்பிட்ட ‘கரைசேர்த்தல்’ என்ற சொல்லுக்கு மீண்டும் வருவோம். மகளைச் சுமை என்று காணும் தந்தை, அச்சுமையை யாரிடமாவது இறக்கிவிடவே அவசரப்படுவார். சீதனத்துக்காகக் கடன்படுவார்; மாப்பிள்ளையின் மார்க்கத்தையும் குணத்தையும் விசாரிக்க நேரமிராது. மகளை அமானிதம் என்று காணும் தந்தையோ, அவளுக்குக் கல்வி கொடுப்பார், அவளது விருப்பத்தைக் கேட்பார், தகுதியானவரிடமே ஒப்படைப்பார். இருவரும் அன்புள்ளவர்களாக இருக்கலாம். அவர்களது உள்ளத்திலுள்ள உருவகம் வேறு.

அவ்வாறே பிள்ளைகளின் கல்வியை ஓட்டப் பந்தயமாகக் காணும் வீடுகள் எத்தனை! பந்தயம் என்றால் ஒருவர் வெல்ல மற்றையோர் தோற்க வேண்டும். சாதாரணதரப் பரீட்சையில் பெறுபேறு குறைந்த பிள்ளை தோற்றவனாக வீட்டின் மூலையில் ஒதுங்குகிறான். அவனுக்கு அல்லாஹ் கொடுத்த கைத்திறன், நற்குணம், நினைவாற்றல் எல்லாம் அந்தப் பந்தயத்தில் எண்ணப்படுவதில்லை. அவற்றை இரவலாகக் கண்டால் கேள்வியே மாறிவிடும். “எத்தனையாவது வந்தாய்?” என்பதற்குப் பதிலாக, “உனக்குத் தரப்பட்டதைக் கொண்டு என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்கத் தோன்றும். மறுமையில் ஆயுள், அறிவு, பொருள், உடல் ஆகியன பற்றி விசாரிக்கப்படாமல் எவரது பாதமும் நகராது என்ற கருத்துப்பட இமாம் திர்மிதி (ரஹ்) அவர்கள் பதிவுசெய்துள்ள நபிமொழியும் இக்கேள்வியையே முன்வைக்கின்றது.

ஆகவே நேயர்களே! இன்று முதல் எமது வாய்ச்சொற்களைச் சற்று நிறுத்துப் பார்ப்போம். ‘என் வாழ்க்கை’, ‘என் சொத்து’, ‘என் பிள்ளை’ என்று கூறும்போது, அந்த ‘என்’ எனும் சொல் உடைமையைக் குறிக்கிறதா, இரவலைக் குறிக்கிறதா என எம்மை நாமே கேட்டுக்கொள்வோம். இரவல் வாங்கிய குடையை மழையில் பிடிப்போம். அது அதற்காகவே தரப்பட்டது. ஆனால் கிழிக்காமல், தொலைக்காமல், உரியவன் கேட்கும்போது நன்றியுடன் திருப்பிக் கொடுக்கக்கூடிய நிலையில் வைத்திருப்போம்.

யா அல்லாஹ்! நீ எமக்குத் தந்த ஆயுளை, உடலை, மக்கட்செல்வங்களைப் பேணிப் பயன்பெறும் பாக்கியத்தைத் தருவாயாக! நீ திருப்பிக் கேட்கும் வேளையில் பொறுமையையும் நல்ல ஈமானையும் எமக்கு அருள்வாயாக! அன்புக்குரியோரை உன்னிடம் ஒப்படைத்துவிட்டுத் தனித்திருக்கும் ஒவ்வோர் உள்ளத்துக்கும் நீயே ஆறுதலாவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.